இடது பக்கம் மட்டும் சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. தூக்கிப் போடவா, துடைத்துப் பார்க்கவா?

#1 ஒற்றைக்காதன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன், சத்தமே கேட்காமல் போனதால் எழுத வந்திருக்கிறேன்.

ஒன்றரை வருடம் பழகிய வயர்லெஸ் இயர்பட்ஸ். இரண்டு மாதமாக இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இப்போது வலது பக்கத்தில் கேட்பதில் பாதிதான் கேட்கிறது. பேச்சு கேட்டால், போர்வைக்குள் படுத்துக்கொண்டு யாரோ பேசுவது போல இருக்கிறது. இணைப்பை அழித்துவிட்டு மறுபடி இணைத்தேன், வேறு போனில் போட்டேன், ரீசெட்டும் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. வாரண்டி முடிந்துவிட்டது.

சத்தம் வரும் வாயில் இருக்கும் வலை மேல் ஏதோ படிந்திருப்பது தெரிகிறது. ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுக்கும் வீடியோ ஒன்று பார்த்தேன். ஊசியும் எடுத்து வைத்துவிட்டேன். செய்யலாமா?

#2 கம்பிவால்

முதலில் ஊசியைக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

#3 மெல்லிசைக்கிறுக்கு

கம்பிவால் சொன்னதுதான். ஏன் என்று நான் சொல்கிறேன்.

அந்த வலை பெரும்பாலும் மெல்லிய பசையால் ஒட்டப்பட்ட ஒரு சின்ன வட்டம். ஊசியால் அழுத்தினால் ஓட்டை திறக்கும் முன்னால் வலையே உள்ளே போய்விடும். அதற்குப் பின்னால் சத்தத்தை உண்டாக்கும் படலம் இருக்கிறது, தலைமுடியை விட மெல்லியது. ஊசி அதுவரை போனால் கதை முடிந்தது. போகாவிட்டாலும், மேலே இருந்த அழுக்கை நீங்களே உள்ளே தள்ளியிருப்பீர்கள். வெளியே இருந்தவரை எடுக்க முடிந்த அழுக்கு அது.

உங்கள் பதிவில் எனக்குப் பிடித்த வார்த்தை 'கொஞ்சம் கொஞ்சமாக'. டிரைவர், அதாவது உள்ளே சத்தத்தை உண்டாக்கும் பாகம், கெட்டுப்போனால் பெரும்பாலும் திடீரென்று நின்றுவிடும், இல்லையென்றால் கரகரவென்று அடிக்கும். இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு மரியாதையாகக் குறைவது அடைப்பின் குணம். இன்னொரு அடையாளம் அந்தப் போர்வை. வலை அடைத்தால் கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கி, பேச்சு மூடிப்போட்டது போல ஆகிவிடும். பேஸ் (அடித்தொனி) மட்டும் போய், மற்றதெல்லாம் தெளிவாக இருந்தால் வேறு காரணம்: டிப் (காதுக்குள் போகும் ரப்பர் முனை) காதில் சரியாக உட்காரவில்லை, காற்று கசிகிறது. இயர்பட் உடம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத்துளை இருக்கும், அது அடைத்தாலும் பேஸ் கெடும். அதை அழுக்கு என்று நினைத்து யாரும் நோண்டிவிடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. சிலிக்கான் டிப்பைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து இரண்டு வலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது பக்கம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பூசினாற்போல் இருந்தால் அதுதான் குற்றவாளி. சத்தம் வரும் வாய் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். இதில் விளையாட வேண்டாம், கண்டிப்பாகக் கீழே பார்க்க வேண்டும். கீழேயிருந்து மேலாக, காய்ந்த மென்மையான குழந்தை பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் உதிர்வது கீழே விழும். வாயை மேலே வைத்துத் தேய்த்தால் உதிர்வதெல்லாம் வலைக்குள் இறங்கும். தேய்த்தது ஒன்றுதான், பிடித்த விதம்தான் வித்தியாசம்.

பிறகு சுவரில் படம் ஒட்டும் புட்டி இருந்தால், கடலை அளவு உருட்டி வலை மேல் லேசாக ஒற்றி வெடுக்கென்று எடுங்கள். ஒவ்வொரு முறையும் உருண்டையைத் திருப்பி, புது இடத்தால் ஒற்றுங்கள். பழைய, வெயிலில் இளகிய புட்டி வேண்டாம், அது வலையிலேயே தங்கிவிடும்.

வாயால் ஊதக் கூடாது. காற்று அடிக்கும் ஸ்பிரே கேனும் கூடாது. இரண்டும் உள்ளேதான் தள்ளும், வாயால் ஊதினால் கூடவே எச்சில் ஈரமும் போகும்.

#4 ஒற்றைக்காதன்

ஊசி டப்பாவுக்குள் போய்விட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். நண்பர்களே, அது வலையே இல்லை, மெழுகு பூசிய தகடு! வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது. இத்தனை நாள் இதைத்தான் காதில் வைத்துக்கொண்டிருந்தேனா?

பிரஷ் போட்டேன். புட்டி இரண்டு முறை ஒற்றியதும் பெரிய கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அருவருப்பாகவும் இருந்தது, ஒரு திருப்தியாகவும் இருந்தது. சத்தம் ஓரளவு ஏறியிருக்கிறது. ஆனால் வலையின் ஓரத்தில் கெட்டியாகப் பிடித்தது அப்படியே இருக்கிறது. ஆல்கஹால் விடலாமா?

#5 சாலிடர்வாசம்

தாராளமாக விடலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, ஒரு நிமிடம் ஊறட்டும், டிஷ்யூவில் தட்டுங்கள். பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

#6 செவித்துணைவன்

சாலிடர்வாசம் அண்ணா மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. செவிக்கருவி பொருத்திப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். குறும்பியோடுதான் என் பகல் முழுக்கப் போகிறது.

காதுக் குறும்பி வெறும் மெழுகு இல்லை. உதிர்ந்த தோல், கொழுப்பு, காதுக்குள் இருக்கும் சுரப்பிகளின் கசிவு எல்லாம் கலந்தது. ஆல்கஹால் கொழுப்பை இளக்கும், தோல் துகளைக் கரைக்காது. மேலே ஒரு சொட்டு விட்டால் என்ன நடக்கும்? கட்டியாக இருந்தது குழம்பாகி, அந்த மெல்லிய திரவத்தோடு வலைக்குள் இறங்கும். ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும், அது சுமந்து வந்தது படலத்தின் மேல் காய்ந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பு வெளியே இருந்த அழுக்கு இப்போது கை எட்டாத இடத்தில் இருக்கும். வலை ஒட்டிய பசையும் சில சமயம் விட்டுக்கொடுக்கும்.

செவிக்கருவியில் இந்தத் தொல்லைக்காகவே முனையில் கழற்றி மாற்றும் குட்டி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அடைத்தால் கழுவுவதில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிது வைப்போம். இசைக் கலைஞர்கள் போடும் சில இயர்போன்களிலும் அப்படி மாற்றும் வடிகட்டி வருகிறது. உங்களுடையதில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இந்த வேலையே மிச்சம்.

இன்னொன்று. 'என் நண்பன் மூன்று வருடமாகத் துடைத்ததே இல்லை, அவனுக்கு மட்டும் அடைப்பதில்லை' என்று யாராவது சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். குறும்பி ஈரமாகப் பிசுபிசுப்பாக இருப்பதும், காய்ந்து பொருக்காக இருப்பதும் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவைப் பொறுத்தது. பொருக்கு தானே உதிர்ந்துவிடும், பிசுபிசுப்பு வலையில் பூசிக்கொள்ளும். சுத்தமான ஆள், அழுக்கான ஆள் என்று இதில் ஒன்றும் இல்லை. அதனால் மாதம் ஒரு முறை, வாரம் ஒரு முறை என்ற கணக்கெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. வாரத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள், எப்போது துடைக்க வேண்டும் என்று வலையே சொல்லும்.

#7 சாலிடர்வாசம்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் 'ஒரு சொட்டு' என்று எழுதியது அவசரம். நான் உண்மையில் செய்வது, வாயைக் கீழே பிடித்துக்கொண்டு, பிரஷ் நுனியை ஆல்கஹாலில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் துடைப்பது. பத்து வருடத்தில் இரண்டு ஜோடி என் கையாலேயே செத்திருக்கின்றன, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பழைய வயர் இயர்போனில் விளையாடுவது வேறு, மைக்கும் பேட்டரியும் உள்ளே இருக்கும் பொருளில் விளையாடுவது வேறு.

ஆனால் ஆல்கஹாலையே எதிரி ஆக்கிவிடாதீர்கள். வெளிப் பிளாஸ்டிக்கைத் துடைக்க 70 சதவீத ஐசோபுரொபைல் நனைத்த துணி அருமை. மீதி 30 சதவீதம் தண்ணீர் என்பதால் கிருமிகளின் மேல் கொஞ்ச நேரம் நின்று வேலை செய்யும். சார்ஜிங் ஊசிகள், பிளக், இப்படி மின்சாரம் தொடும் இடங்களுக்கு 90க்கு மேல் உள்ளது நல்லது, சீக்கிரம் காய்ந்துவிடும். ஃபோம் டிப், தோல் மாதிரி இருக்கும் குஷன் இரண்டுக்கும் எந்த ஆல்கஹாலும் வேண்டாம்.

#8 மெல்லிசைக்கிறுக்கு

ஒற்றைக்காதன், ஓரத்தில் பிடித்ததற்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் எல்லா மாடலுக்கும் இல்லை.

ஏர்பாட்ஸின் சில மாடல்களுக்கு ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கும் முறை இது: முகத்தில் மேக்கப் கழுவும் மைசெல்லார் தண்ணீர் கொஞ்சம், குழந்தைகளின் மென்மையான பிரஷ். பிரஷை அதில் நனைத்து, வலையில் சுமார் 15 விநாடி வட்டமாகத் தேய்த்து, திருப்பி டிஷ்யூவில் ஒற்ற வேண்டும். இதையே இன்னும் இரண்டு முறை. அடுத்தது பிரஷைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரால் தேய்த்து, முன்பு போட்டதை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு குறைந்தது 2 மணி நேரம் காய விட்டுத்தான் கேஸில் வைக்கவோ காதில் மாட்டவோ வேண்டும். எந்த வலையில் செய்யலாம் என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், மற்றத் துளைகளுக்கு இது கிடையாது.

மைசெல்லார் தண்ணீரின் சூட்சுமம், எண்ணெயைச் சுற்றி வளைத்துப் பிடித்துத் தண்ணீரோடு வர வைப்பது. சோப்பு செய்வதுதான், ஆனால் நுரையும் இல்லை, அவ்வளவு படிவும் இல்லை.

உங்களுடையது வேறு கம்பெனி என்றால் முதலில் கையேட்டைப் பாருங்கள். அதில் 'உலர்ந்த துணி மட்டும்' என்று இருந்தால் நான் ஈரத்தையே தொட மாட்டேன். பிரஷ், புட்டி, பொறுமை மூன்றும் போதும். ஒரே நாளில் எல்லாம் வராது. தினமும் இரண்டு நிமிடம் செய்தால் நாலாவது நாள் தானே விட்டுக்கொடுக்கும். இயர்பட்டைக் கொஞ்ச நேரம் காதில் போட்டு எடுத்த உடனே செய்யுங்கள், உடம்புச் சூட்டில் குறும்பி இளகியிருக்கும். நான் கண்டுபிடித்ததிலேயே பெரிய ரகசியம் இதுதான்.

#9 கம்பிவால்

வயர் இல்லாதவர்களின் துயரங்களைப் படிக்கும்போது என் வயருக்கு ஒரு முத்தம் கொடுத்துக்கொண்டேன். பேட்டரி இல்லை, கேஸ் இல்லை, ஊசி இல்லை. பிளக்கைத் துணியால் துடைத்தால் தீர்ந்தது.

(சரி, கண்ணாடி மாதிரி இருந்த வயர் பச்சையாக மாறிவிட்டது. உள்ளே இருக்கும் தாமிரம் வியர்வையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் களிம்பு ஏறுகிறதாம். சத்தத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பார்க்கத்தான் பாசி படிந்தது மாதிரி இருக்கிறது.)

#10 தினம்_ஐந்து_கிமீ

'தண்ணீர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் என் முட்டாள்தனத்தைச் சொல்லத் தோன்றுகிறது.

ஓடும்போது போடுவதற்கென்றே வாங்கியது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தது. 'வாட்டர்ப்ரூஃப்தானே' என்று குழாயடியில் பிடித்துக் கழுவினேன். ஒரு வாரத்தில் வலது பக்கம் ஊமை. பிறகுதான் படித்தேன், 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரின் வேகத்துக்கு அது பொறுப்பேற்காது. 7 என்றால்தான் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். அதுவும் நல்ல தண்ணீரில், புதுப்பொருளில் வைத்த சோதனை. வியர்வையில் உப்பு, சோப்பில் வேறு சமாச்சாரம், வருடம் போகப்போக உள்ளே இருக்கும் ரப்பரும் பசையும் தளர்ந்துவிடும். நடுவில் இருக்கும் 'எக்ஸ்' தூசுக்குச் சோதனை எண் எதுவும் தரப்படவில்லை என்பதற்கான குறி, அதை ஏதோ சிறப்புத் தகுதி என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது ஜோடியில் வேறு பாடம். ஓடி முடித்து வியர்வையோடு அப்படியே கேஸில் போட்டு மூடுவேன். நாலு மாதத்தில் ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை. பார்த்தால், தொடும் புள்ளியில் பச்சையும் கறுப்புமாக ஒரு பொருக்கு. உப்புத்தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகத்தை அரித்துவிடுகிறது. நல்ல வேளை, பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு இரண்டு நாள் தேய்த்ததில் மீண்டது. இப்போது துணியால் துடைத்து, மேசையில் கால் மணி நேரம் வைத்து, பிறகுதான் கேஸ்.

கேஸையும் மறக்காதீர்கள். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் துகள்கள் குழியின் அடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. என்னுடையதில் சின்ன மீசையே வளர்ந்திருந்தது. அதையும் புட்டிதான் எடுத்தது. அந்தப் புட்டிக்குச் சிலை வைக்கலாம்.

#11 நிலாமுற்றம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது காதை மூடும் ஹெட்போன். தினமும் எட்டு மணி நேரம் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. குஷனின் கறுப்புத் தோல் செதில் செதிலாக உதிர்கிறது. வேலை முடிந்து கண்ணாடி பார்த்தால் கன்னமெல்லாம் கறுப்புப் புள்ளி. போன வாரம் முக்கியமான வீடியோ மீட்டிங்கில் யாரும் சொல்லவும் இல்லை. மாதம் தவறாமல் ஈர டிஷ்யூ போட்டு நன்றாகத் துடைத்துத்தான் வருகிறேன், இருந்தும் ஏன்?

#12 மட்டுறுத்துநர்

தலைப்பு இயர்பட்ஸ். ஆனாலும் குஷன் கதை இங்கேயே இருக்கட்டும், தனி இழை வேண்டாம்.

#13 மெல்லிசைக்கிறுக்கு

நிலாமுற்றம், நன்றாகத் துடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஈர டிஷ்யூக்கள் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கும், அது அந்த மேல்பூச்சை விறைப்பாக்கிவிடும். மாதம் ஒரு தடவை அழுத்தித் துடைப்பதை விட, தினமும் வேலை முடிந்ததும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு சுற்று, உடனே காய்ந்த துணியால் ஒரு சுற்று என்று போனால் போதும்.

ஆனால் முழுப் பழியும் உங்கள் மேல் இல்லை. 'தோல்' என்று நாம் சொல்வது துணி மேல் பூசிய பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம், சூடு, வியர்வை எல்லாம் அந்தப் பூச்சின் பிணைப்பை மெதுவாக உடைக்கும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் சில வருடத்தில் உதிர்ந்துவிடும், நான் பத்திரப்படுத்தி வைத்த ஒன்று பெட்டிக்குள்ளேயே தூளாகியிருந்தது. உதிர ஆரம்பித்ததைத் திருப்பவே முடியாது. கிரீம், எண்ணெய் எதையும் தடவிப் பார்க்காதீர்கள். குஷனை மாற்றுங்கள். பெரும்பாலானவற்றில் அது ஒரு பள்ளத்தில் செருகியிருக்கும், அல்லது திருகினால் கழன்றுவிடும்.

வெல்வெட் மாதிரித் துணி குஷனுக்கு மாறினால் உதிராது, கழற்றிக் கையால் அலசலாம், வேர்க்கவும் வேர்க்காது. ஆனால் துணி வழியே காற்று போகும், பேஸ் குறையும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். பேச்சைக் கேட்டு எழுதும் வேலைக்கு அது ஒரு குறையே இல்லை என்பேன்.

கழற்றும்போது உள்ளே டிரைவரை மூடியிருக்கும் மெல்லிய துணியில் முடி, தூசு இருக்கும். அதைக் கையால் பொறுக்குங்கள். தூசு உறிஞ்சும் மெஷினை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், படலத்தை இழுத்துச் சுருக்கிவிடும்.

#14 நிலாமுற்றம்

நன்றி. கண்ணாடி பார்க்காமல் மீட்டிங் போகும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

#15 ஒற்றைக்காதன்

ஐந்தாம் நாள் அறிக்கை.

கையேட்டில் உலர்ந்த துணி மட்டும் என்று இருந்தது, ஈரத்தைத் தொடவில்லை. காதில் போட்டு எடுத்த சூட்டோடு பிரஷ், புட்டி. மெல்லிசைக்கிறுக்கு சொன்னது போலவே நாலாவது நாள் ஓரம் விட்டுக்கொடுத்தது. இப்போது டார்ச் அடித்தால் இரண்டு வலையும் ஒரே மாதிரி மின்னுகின்றன.

டிப்புகளையும் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பாத்திர சோப்பும் போட்டுக் கழுவினேன், முழுக்கக் காய வைத்துத்தான் மாட்டினேன்.

போர்வை போய்விட்டது. ஆனால் இடது பக்கம் இன்னும் வலதை விடக் குறைவுதான். டிரைவரும் பாதி போய்விட்டதா? போன் அமைப்பில் இடம்-வலம் சமநிலையை இடது பக்கம் தள்ளி ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

#16 செவித்துணைவன்

அந்தச் சமநிலையைத் தொடும் முன் ஒரு நிமிடச் சோதனை.

போனில் மோனோ ஆடியோவைப் போடுங்கள், அப்போது இரண்டு பக்கமும் ஒரே ஒலி போகும். இடது இயர்பட்டை வலது காதிலும், வலது இயர்பட்டை இடது காதிலும் வையுங்கள். வடிவம் பொருந்தாது, கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அதே பாட்டு. எது குறைவாகக் கேட்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். வேறெதுவும் இப்போது செய்ய வேண்டாம்.

#17 ஒற்றைக்காதன்

செய்தேன். மூன்று முறை செய்தேன்.

இடது இயர்பட் வலது காதில் கணீரென்று கேட்கிறது. நன்றாக வேலை செய்யும் வலது இயர்பட், இடது காதில் குறைவாகக் கேட்கிறது.

பொருள் சரியாகத்தான் இருக்கிறது. காது?!

#18 கம்பிவால்

ரீசெட் செய்ய வேண்டியது எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

#19 செவித்துணைவன்

பயப்பட வேண்டாம், இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கருவியைச் சரி பார்க்கச் சொல்லி வருவார்கள், கருவி நன்றாக இருக்கும், காது அடைத்திருக்கும். வலையில் அவ்வளவு சேர்ந்திருந்தது என்று நீங்கள் எழுதியபோதே எனக்குச் சந்தேகம்.

காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. உள்ளே இருக்கும் தோல் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவு அதற்குக் கை கொடுக்கிறது. குறும்பி அந்த நகர்வோடு வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். தினமும் பல மணி நேரம் வாசலில் ஒரு ரப்பர் மூடி உட்கார்ந்திருந்தால் வெளியே வர வேண்டியது நின்றுவிடும், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கொஞ்சம் உள்ளே போகும். எல்லோருக்கும் அடைத்துவிடாது, பிசுபிசுப்பு ரகத்துக்கு வாய்ப்பு அதிகம்.

இங்கே முதல் பதிவின் ஊசி ஞாபகம் வருகிறது. காதிலும் அதே விதிதான். பஞ்சுக்குச்சியை விட்டுக் குடைந்தால் நுனியில் கொஞ்சம் ஒட்டி வரும், மீதி முழுவதும் செவிப்பறைப் பக்கம் போய் இறுகும். பஞ்சுக்குச்சிக்கும் இயர்பட்ஸுக்கும் ஒரே 'பட்ஸ்' என்ற பெயர் வந்தது என்ன ராசியோ, ஒன்று தள்ளுகிறது, மற்றொன்று அடைக்கிறது.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விட வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது ஆபத்து, அதை அவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். வலி, சீழ், தலைசுற்றல் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அதிலும் ஒரே நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது அவசரம், அது அடைப்பாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. உங்களுடையது மெதுவாக வந்தது. எதுவானாலும் பார்க்கும் வரை அந்தக் காதில் எதையும் மாட்டாதீர்கள்.

#20 சாலிடர்வாசம்

தம்பிக்கு ஒரு கும்பிடு. நானாக இருந்தால் இந்நேரம் அந்த இயர்பட்டைப் பிளந்து டிரைவரை மாற்றியிருப்பேன்.

#21 தினம்_ஐந்து_கிமீ

இந்தச் சந்தடியில் ஒரு சின்னக் கேள்வி. வாரக்கணக்கில் ஓடாமல் இருக்கும்போது இயர்பட்ஸை முழுச் சார்ஜில் வைப்பதா, காலியாக வைப்பதா?

#22 சாலிடர்வாசம்

இரண்டும் வேண்டாம். பாதியளவு சார்ஜில், சூடு இல்லாத இடத்தில். லித்தியம் பேட்டரிக்கு வெயிலில் நிற்கும் காரை விடப் பெரிய எதிரி இல்லை. உள்ளே இருப்பது நகம் அளவு பேட்டரி, தேய்மானம் சீக்கிரம் தெரியும். கேஸுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் திணித்து மூடி அழுத்தாதீர்கள். பெரிய டப்பாவில் கேஸைத் திறந்து வைத்து, பக்கத்தில் பொட்டலத்தைப் போடுங்கள்.

#23 ஒற்றைக்காதன்

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

விளக்கு வைத்துப் பார்த்தவர், 'எப்படி இத்தனை நாள் சமாளித்தீர்கள்?' என்றார். செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உறிஞ்சும் குழாய் வைத்து எடுத்தார். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் தலை கிறுகிறுப்பு, வலி இல்லை. வெளியே வந்ததை எனக்குக் காட்டினார். வர்ணிக்க மாட்டேன், யாராவது சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

எழுந்து நடந்தபோது என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து இயர்பட்ஸ் போட்டதும் பதறிப்போய்க் கழற்றினேன். இத்தனை நாள் வால்யூமை 85 சதவீதத்தில் வைத்துத்தான் கேட்டிருக்கிறேன்! இப்போது 50 போதும். அதாவது இடது காதுக்காக ஏற்றிய சத்தம் முழுவதையும் நல்ல வலது காதுதான் இரண்டு மாதம் வாங்கிக்கொண்டிருக்கிறது. வலை அடைத்தால் சத்தம் குறையும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

#24 செவித்துணைவன்

அதைக் கவனித்தது நல்லது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். சில போன்களில் வாரக் கணக்கைக் காட்டும் வசதி இருக்கிறது, ஒரு முறை பாருங்கள். வலது காதுக்கு ஒரு கேட்டல் பரிசோதனையும் செய்துவிடுங்கள், மனசு நிம்மதியாக இருக்கும்.

#25 நிலாமுற்றம்

துணி குஷன் வந்துவிட்டது. கன்னத்தில் புள்ளி இல்லை. மாற்றும்போது மெல்லிசைக்கிறுக்கு சொன்ன அந்த மெல்லிய துணியில் என் தலைமுடியில் ஒரு பறவைக்கூடு கட்டும் அளவுக்கு இருந்தது. பேஸ் குறைந்தது உண்மை. வெளிச்சத்தம் வருவதும் உண்மை: பக்கத்து அறையில் என்னைப் பற்றிப் பேசுவது இப்போது கேட்கிறது.

#26 ஒற்றைக்காதன்

மட்டுறுத்துநர் அவர்களே, ஒரு வேண்டுகோள். இரண்டு காதும் கேட்கிறது. என் பயனர் பெயரை மாற்ற முடியுமா?

#27 மட்டுறுத்துநர்

புது உறுப்பினர்கள் 90 நாள் கழித்துத்தான் பெயர் மாற்றலாம். அதுவரை ஒற்றைக்காதன்தான்.